மேல்முறையீடு என்ன ஆச்சு? நம்ம போனிலேயே பார்க்கலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில், சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் அழகாகச் சொன்னார்கள். நான் கோர்ட்டு பற்றிச் சொல்ல வந்திருக்கேன். "நமக்கு எதுக்குக்கா கோர்ட்டு?" என்று சிரிக்காதீங்க. இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் வீட்டில் மனைத் தகராறோ, பாகப் பிரிவினையோ, விபத்து நஷ்டஈடோ கோர்ட்டில் கிடக்குது என்று உங்களுக்கே தெரியும்.

எங்க அப்பா எனக்கென்று ஒரு மனைக்கட்டு எழுதி வைத்தார். அதில் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். காரைக்கால் கோர்ட்டில் தோற்றேன். இங்கேயே முதல் மேல்முறையீடு செய்தேன், அதிலும் தோற்றேன். அதற்கு மேலே சென்னை ஐகோர்ட்டு. வக்கீல் வைத்து இரண்டாம் மேல்முறையீடு போட்டேன். ஆரம்பத்தில் ராத்திரி பஸ் ஏறி 300 கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் முடியலை. இடையில் என் போன் நம்பர் மாறியது. அதை நான் வக்கீலிடம் சொல்லலை, அவரும் என்னைத் தேடலை. கேஸ் நடக்குது என்றே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மாங்கனித் திருவிழாவுக்கு வந்த என் மகள்தான் "அம்மா, கேஸ் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். நம்பர் எழுதிய சீட்டைக் காணோம். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்று அரசாங்கத்தின் இலவச ஆப் ஒன்று இருக்கு. அதில் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் வரலை. மூன்று தப்பு செய்திருந்தோம். அதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லணும்.

முதல் தப்பு, கோர்ட்டு. மகள் தஞ்சாவூரில் படித்தவள். தஞ்சாவூர் மாவட்டத்து மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போகும். நம்மளுதும் அப்படித்தான் என்று நினைத்து மதுரையில் தேடினாள். பாண்டிச்சேரி, காரைக்கால் இரண்டுக்கும் ஐகோர்ட்டு சென்னைதான். 1962-ல் வந்த சட்டத்தின்படி நாம் சென்னை ஐகோர்ட்டின் கீழ் வந்தோம். அதனால் ஆப்பில் 'ஹைகோர்ட்' என்பதைத் தொட்டு, மெட்ராஸ் என்று எடுத்து, பெஞ்ச் கேட்கும் இடத்தில் சென்னை முதன்மை அமர்வைத் தேர்ந்தெடுக்கணும். மாவட்டக் கோர்ட்டுப் பக்கத்தில் தேடினால் ஐகோர்ட்டு கேஸ் வராது.

இரண்டாவது தப்பு, வருஷம். காரைக்காலில் வழக்குப் போட்ட வருஷத்தைக் கொடுத்தோம். ஐகோர்ட்டில் பதிவான வருஷத்தைக் கொடுக்கணும். அதோடு 'பெண்டிங்', 'டிஸ்போஸ்டு' என்று கேட்கும். பெண்டிங் என்றால் நடக்கிற கேஸ், டிஸ்போஸ்டு என்றால் முடிந்த கேஸ். நடக்கிறது என்ற நம்பிக்கையில் நாங்கள் பெண்டிங் மட்டுமே பார்த்தோம். இரண்டையும் பாருங்க.

மூன்றாவது தப்பு, பெயர். இது நம்ம ஊருக்கே உள்ள கஷ்டம். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் பத்திரத்தில் அவன் எழுத்து போகலை. குப்புசாமி என்ற பெயர் இங்கிலீஷ் 'சி' எழுத்தில் தொடங்கும், உள்ளே 'ஓ-யூ' வரும். லட்சுமிக்கும் அப்படித்தான், நடுவில் 'ஓ-யூ' போடுவார்கள். பாத்திமாவை ஒருத்தர் 'எஃப்' போட்டு எழுதுவார், இன்னொருத்தர் 'பி' போட்டு எழுதுவார். ஆதாரில் இருக்கிறபடி மட்டும் தேடினால் கிடைக்காது. பத்திரத்தில் உள்ள எழுத்தையும் போட்டுப் பாருங்க. குறைந்தது மூன்று எழுத்து போட்டால் போதும். உங்க பெயரில் வராவிட்டால் எதிராளி பெயரைப் போடுங்க.

அப்படித்தான் கடைசியில் என் கேஸ் வந்தது. பக்கத்தில் 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று இருந்தது. எங்க பக்கம் யாரும் ஆஜராகலை, அதனால் தள்ளுபடி என்று அர்த்தம். அந்த உத்தரவு போட்டு 14 மாசம் ஆகியிருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடலை.

ஏன் என்றால், இப்படித் தள்ளுபடியான மேல்முறையீட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட சட்டம் தரும் காலம் 30 நாள்தான். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போடணும். கோர்ட்டு ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. மேல்முறையீடு போடுவதற்கும் கெடு இருக்கு. சிவில் வழக்கில் மாவட்டக் கோர்ட்டுக்கு 30 நாள், ஐகோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பின் சான்று நகல் வாங்க ஆகும் நாளை அதில் கழித்துவிடுவார்கள். போனில் இறங்கும் நகல் படித்துப் பார்க்கத்தான். மேல்முறையீட்டுக்குக் கோர்ட்டு முத்திரை போட்ட சான்று நகல் வேண்டும்.

இன்னும் சில வார்த்தைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. 'அலோட்' என்றால் மேல்முறையீடு போட்டவர் பக்கம் தீர்ப்பு. 'டிஸ்மிஸ்டு' என்றால் தள்ளுபடி. 'ரிமாண்டட்' என்றால் கீழ்க்கோர்ட்டு திரும்ப விசாரிக்கணும். 'ஏ.எஸ்.' என்பது முதல் மேல்முறையீடு, 'எஸ்.ஏ.' என்பது இரண்டாம் மேல்முறையீடு. எழுத்து மாறினால் வேறு யாருடைய கேஸோ வரும்.

நான் என்ன செய்தேன்? கையில் காசு இல்லை. நம்ம குழுத் தலைவிதான் இலவச சட்ட உதவிக்குக் கூட்டிப் போனார். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம் என்று இருக்கு. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஐகோர்ட்டுக்கென்று தனியாகவே சட்டப்பணிகள் குழு உண்டு. அந்த வக்கீல் மூலமாக மனு போட்டோம். 14 மாசத்துக்கும் காரணம் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. கேஸ் திரும்ப உயிர் பெற்றது. ஜெயித்துவிட்டேன் என்று சொல்லலை, இன்னும் நடக்குது. ஆனால் இப்போது அடுத்த வாய்தா எப்போ என்று யாரையும் கேட்காமல் நானே சொல்வேன்.

சகோதரிகளே, ஒவ்வொரு கேஸுக்கும் 'சி.என்.ஆர்.' என்று எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட ஒரு நம்பர் உண்டு. அது இருந்தால் பெயர், வருஷம் எதுவும் தேட வேண்டாம். வீட்டில் கேஸ் இருந்தால் இந்த வாரமே அந்த நம்பரைக் கேட்டு வாங்கி, சேமிப்புப் பாஸ்புக் உள் அட்டையில் எழுதி வைங்க. மாசா மாசம் குழுக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கை எடுப்பீங்க. அன்றைக்கே போனிலும் ஒரு தடவை பாருங்க. போன் பார்க்கத் தெரியாத அக்காமார்களுக்கு நம்ம பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

சேமிப்பில் ஐந்து ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். அப்பா கொடுத்த மனைக்கும் கணக்குக் கேட்போம்.