முதியோர் உண்கலத்தில் காயும் கனியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் காய்கறியைப் பற்றியும் ஒரு பேச்சா என்று சிலர் புன்னகை பூக்கலாம். ஆயினும், விழா முடிந்து இல்லம் திரும்பியதும் நாம் அனைவரும் அமரப்போவது உணவின் முன்னேதான். அப்பொழுது நம் வீட்டு முதியோரின் உண்கலத்தைச் சற்றே உற்றுநோக்குமாறு வேண்டுகிறோம்.

அதில் என்ன இருக்கிறது? குழைந்த சோறு, தெளிந்த குழம்பு, மோர், ஒரு துண்டு ஊறுகாய். காயும் கனியும் பேரக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. "எனக்கு இதுவே போதும், குழந்தைகளுக்கு வை" என்கிறார் பாட்டி. அதனைப் பற்றின்மை என்று போற்றி நாம் அமைகிறோம். பல வீடுகளில் அது பற்றின்மையன்று, பல்லின்மை!

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உருளை முதலிய மாவுக் கிழங்குகள் இக்கணக்கில் சேரா. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், உண்கலத்தில் பாதி காய்கனிகளாக இருத்தல் வேண்டும் என்கின்றன. 1918-இல் நம் குன்னூரில் ஓர் அறையில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. ஊர்விட்டு ஊர்வந்த நம்மினத்தைச் சேர்ந்ததுதான்!

முதுமையில் பசி குறையும். சத்துக்களின் தேவையோ அவ்வளவாகக் குறைவதில்லை. ஆதலின் உண்ணும் சிற்றளவிலும் சத்து மிகுந்திருத்தல் வேண்டும். காய்கனிகளின் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கும். நெல்லியிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும். மிகினும் குறையினும் நோய் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். மிகுதியை அஞ்சும் நாம் குறைவை மறந்துவிட்டோம்.

இத்தில்லி மாநகரில் மற்றொரு தடையும் உண்டு. ஊரில் கொல்லையில் முருங்கைக்கீரை பறித்த கை, சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்கிய கை, இங்கே மொழியறியாது மடிமேல் கிடக்கிறது. பிறர் வாங்கி வந்ததை உண்பதே வழக்கமாகிவிட்டது. பெரியோரே! தள்ளுவண்டிக்காரர் 'லௌக்கி' என்று கூவுவது நம் சுரைக்காயே. 'கத்து' நம் பரங்கி. 'மேத்தி' நம் வெந்தயக்கீரை. பெயர்தான் அயல், காய் நம் பழைய நண்பர். இளையோர் மாலையில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும். தாமே தேர்ந்தெடுத்த காயைத் தட்டில் ஒதுக்குவார் அரியர்.

சமைக்கும் முறையும் எளிதே. காயைச் சிறிதாக அரிந்து மெத்தென வேகவைத்துக் கூட்டாக்கலாம். வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்க்கலாம். கீரையை மசிக்கலாம்; கடிக்க இயலாதவர்க்குப் பப்பாளியும் வாழைப்பழமும் உண்டு. சாற்றினும் முழுக் கனியே நன்று. பிழிந்து வடிக்கையில் நார் நீங்கிவிடும். நீரிழிவுடையோர் கனியை அறவே விலக்க வேண்டுவதில்லை; வகையையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். சிறுநீரக நோயுடையோரும், குருதி உறையாதிருக்க மருந்துண்போரும் மருத்துவரைக் கேளாது உணவை மாற்றலாகாது.

நம்மை வளர்த்த நாளில், கனியின் சுவையான பகுதியை நமக்கு ஊட்டி, கொட்டையோடு ஒட்டியதைத் தாம் சுவைத்தவர்கள் இவர்கள். இனியேனும் முதற்கூறு அவர்களுக்காகட்டும். இன்றிரவே தொடங்குவோம்.