ஓராண்டுக் கணக்கு



இன்று பரிசு வாங்காத பிள்ளைகளுக்காக ஒரு கதை சொல்கிறேன், கேளுங்க. அமெரிக்கக் காற்பந்தில் பந்தைக் கையால் எறிவார்கள். ஓடிப்போய் அதைப் பிடிப்பதற்கென்றே சில ஆட்டக்காரர்கள் உண்டு. கிரீன் பே பேக்கர்ஸ் குழு 2014இல் டவாந்தே ஆடம்ஸ் என்ற இளைஞரை அதற்காக எடுத்தது. 2015இல் அவருக்குக் கணுக்காலில் அடி. கைக்கு வந்த பந்துகளும் நழுவின. பிடித்தவை 50, எல்லைக்கோட்டைத் தாண்டிய ‘டச் டவுன்’ ஒன்றே ஒன்று!

இவன் தேறமாட்டான், வேற ஆளைப் பாருங்க என்று ரசிகர்களில் ஒரு சாரார். கால் வலியோட ஆடினவன், பொறுங்கப்பா என்று மறு சாரார். குழு பொறுத்தது. 2016இல் 12 டச் டவுன். 2020இல் 18!

பொறுத்தால் எல்லாரும் ஆடம்ஸ் ஆவார்களா? ஆகமாட்டார்கள். ஆனாலும், பெற்றோர்களே, ஒரு வருசத் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துப் படிப்பு ஏறாதுன்னு சொல்லிடாதீங்க. எங்கே வலிக்குதுன்னு முதல்ல கேளுங்க. மாணவர்களே, நழுவின பந்தையே நினைத்து நிற்காதீர்கள். அடுத்த பந்துக்கு ஓடுங்கள்.