ஒரு காரைக் கொடையாகக் கொடுத்தபோது

(கல்லூரி நூற்றாண்டு விழாவில் வட அமெரிக்கக் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொடையைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். கொடை என்றால் நாங்கள் எல்லோரும் முதலில் படித்தது பாரியின் கதை. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தவன் என்று பேச்சுப் போட்டிகளில் முழங்கியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். "கொடிக்கு ஒரு கம்பு போதாதோ ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இருப்பீர்கள். அந்தக் கேள்வி அவ்வளவு குறும்பான கேள்வி அல்ல. நாங்கள் சொல்ல வந்ததும் ஒரு தேரின் கதைதான். அது யப்பானிய விளையாட்டுக் கார் ஒன்றின் கதை.

எங்கள் கிளையில் மூத்த அக்கா ஒருவர் நியூ ஜேர்சியில் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். அவருடைய கணவர் பொறியியலாளர். அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் 1991 ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். 'ஆர் 32' என்று சொல்லப்படும் வகை.

இலங்கையில் யப்பான் கார் புதினமல்ல. ஆனால் இந்தக் கார் அமெரிக்காவில் ஒருபோதும் கடைகளில் விற்கப்பட்டதில்லை. 1989 முதல் 1994 வரை யப்பானில் தயாரானது. 2.6 லீற்றர் எஞ்சின், இரண்டு ரேர்போ, நான்கு சக்கரங்களுக்கும் விசை. 1990 முதல் 1993 வரை யப்பானியச் சுற்றுலாக் கார்ப் பந்தயத் தொடரில் ஓடிய 29 பந்தயங்களிலும் இந்த வகைக் காரே வென்றது. அவுஸ்திரேலியாவில் பாதர்ஸ்ற் பந்தயத்தை 1991 இலும் 1992 இலும் வென்றது. அங்குள்ள பத்திரிகை உலகம் வைத்த 'கொட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி, அந்த நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்கு அமையச் செய்யப்படாத வாகனத்துக்கு 25 வயது நிறைந்த பிறகுதான் தடையின்றி அனுமதி கிடைக்கும். கனடாவில் 15 வயது போதும். ஆகவே எங்கள் அத்தான் காத்திருந்தார். 2016 இல் கார் கப்பலில் வந்து இறங்கியது. யப்பானிய ஏலத் தாள், ஏற்றுமதிச் சான்றிதழ், சுங்கப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்தார். ஞாயிறு காலைகளில் ஒரு சுற்று. அவ்வளவுதான் அவருடைய உல்லாசம்.

பிறகு நோய் வந்தது. கடைசி மாதங்களில் 'ஹொஸ்பிஸ்' எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு நிலையத்தின் தாதிமார் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். வலியைக் குறைத்தார்கள், அக்காவைச் சிறிது நேரமாவது நித்திரை கொள்ள வைத்தார்கள். அவர் போன பிறகு கராஜில் கார் இருந்தது. அக்காவுக்கு கியர் மாற்றி ஓட்டிப் பழக்கமில்லை. மகன் இருப்பது நகரத்து அடுக்குமாடியில். "அவருடைய காரை நான் விற்க மாட்டேன். கொடுப்பேன்" என்றார் அக்கா. யாருக்கு என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தத் தாதிமாரை அனுப்பிய நிலையத்துக்கே.

இங்கேதான் எங்கள் கிளைக்கு வேலை வந்தது. அமெரிக்காவில் பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுப்பது மிகச் சுலபம். தொலைபேசியில் சொன்னால் இழுவை வண்டி வந்து இலவசமாக எடுத்துப் போகும். இடைத்தரகு நிறுவனங்கள் அந்தக் கார்களை மொத்த ஏலத்தில் விற்று, தம் செலவைக் கழித்து மிச்சத்தைத் தர்மத்துக்குக் கொடுக்கும். ஓடித் தேய்ந்த காருக்கு இந்த வழி நல்லது. ஆனால் அரிய கார் ஒன்று அந்த வரிசையில் நின்றால், அதை அறிந்தவர் அன்று அங்கே இல்லையென்றால், பழைய இரும்பைப் போலப் போய்விடும். நட்டம் அக்காவுக்கல்ல, நோயாளிகளுக்கு.

எங்களில் கணக்காளர் இருவர், சட்டத்தரணி ஒருவர். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் 'ஸூம்' வழியாகக் கூடிப் பேசினோம். அமெரிக்காவில் 2005 முதல் நடைமுறையிலுள்ள விதி இது: 500 டொலருக்கு மேற்பட்ட கோரிக்கையுள்ள வாகனத்தைத் தர்ம நிறுவனம் பெற்றவுடன் விற்றுவிட்டால், கொடுத்தவர் கேட்கக்கூடிய வரிக்கழிவு பொதுவாக விற்ற தொகைக்கு மேற்படாது. நிறுவனம் அந்த வாகனத்தைத் தன் பணிக்குக் குறிப்பிடத்தக்க அளவு பயன்படுத்தினால், அல்லது பெரிய திருத்தம் செய்தால், அல்லது வறியவருக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்தால் மட்டுமே சந்தைப் பெறுமதியைக் கேட்கலாம். அதற்கு முன் கொடுப்பவர்கள் தாமே மதிப்பிட்டு ஒரு தொகையை எழுதினார்கள், தர்மத்துக்குப் போனதோ மிகச் சிறிய பங்கு. அந்த ஓட்டையைத்தான் சட்டம் அடைத்தது. ஆகவே நல்ல விலைக்கு விற்கப்படுவதில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நன்மை ஒன்றே.

அடுத்து, நிலையத்தையே போய்க் கேட்டோம். அவர்களுக்குக் கார் தேவையில்லை, தாதிமாரின் இரவு நேரச் சம்பளத்துக்குப் பணம் தேவை என்றார்கள். கொடிக்குத் தேவைப்பட்டது கம்பு. ஆனால் தேரையே கம்பாக்கும் வழி இருந்தது. நிலையமே உரிமையாளராக நின்று, இத்தகைய கார்களை அறிந்தவர்கள் கூடும் ஏலத்தில் விற்பது என்று எழுத்தில் உடன்பாடு செய்தோம். விற்கும்வரை எங்கே நிறுத்துவது, காப்புறுதி யார் கட்டுவது என்பதையும் அதில் எழுதினோம். அத்தானின் கோப்பு அப்போது பொன்னாக உதவியது. கார் எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது, சட்டப்படி இறங்கியதா என்ற எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருந்தது.

சரியான இடத்தில் சரியான ஆட்கள் கூடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2019 ஜனவரியில் அரிசோனாவின் ஸ்கொற்ஸ்டேல் நகரில், புதிய ரொயோட்டா சுப்ரா வரிசையின் முதலாவது கார் ஏலத்துக்கு வந்தது. விலைப்பட்டியலில் 60,000 டொலருக்கும் குறைவான கார், 21 இலட்சம் டொலருக்குப் போனது. அந்தப் பணம் அமெரிக்க இதயச் சங்கத்துக்கும், போரில் காயமுற்ற படையினருக்கு உதவும் பொப் வூட்றஃப் மன்றத்துக்கும் சென்றது. எங்கள் அக்காவின் கார் அவ்வளவு போகவில்லை. எவ்வளவு என்று சொல்ல அவர் சம்மதிக்கவுமில்லை. இழுவை வண்டியோடு போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட மிகப் பல மடங்கு என்று மட்டும் சொல்லலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "நூற்றாண்டு வருகிறது, கல்லூரிக்குக் கொடுக்கலாமே" என்று எங்களுக்குள் சிலர் கேட்டார்கள். கேட்பதில் தவறில்லை. அமெரிக்காவில் பதிவுபெற்ற எங்கள் கிளை வழியாக அது சட்டப்படியும் முடிந்த காரியம். அக்கா அமைதியாகச் சொன்னார்: "கல்லூரிக்கு நான் வருஷாவருஷம் கொடுக்கிறேன், இனியும் கொடுப்பேன். இது அவருடைய கார். அவர் பக்கத்தில் விழித்திருந்தவர்களுக்குப் போகட்டும்." அதன் பிறகு எவரும் பேசவில்லை. கல்லூரி எங்களுக்குக் கற்றுத்தந்தது நன்றி மறவாமை. அந்த நன்றி எப்போதும் கல்லூரி வாசலுக்கே திரும்பி வரவேண்டும் என்று கல்லூரி ஒருபோதும் கேட்டதில்லை. முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத நோயாளியின் கட்டிலருகே ஒரு தாதி கூடுதலாக ஓர் இரவு இருக்கிறாள் என்றால், அதுவும் இந்தக் கல்லூரியின் பெயரேட்டில் சேர வேண்டிய கணக்கே.

சகோதரிகளே, நம் எல்லோரிடமும் ஸ்கைலைன் இல்லை. ஆனால் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு, அம்மாவின் வீணை, அப்பாவின் புத்தக அலுமாரி, போடாத நகை என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கொடுக்க மனம் வரும் நாளில் மூன்று காரியம் செய்யுங்கள். பொருளின் பெறுமதியை அறிந்தவரிடம் கேளுங்கள். பெறுபவரின் தேவையை அவரிடமே கேளுங்கள். பத்திரங்களைத் தேடி ஒழுங்காக எடுத்து வையுங்கள். நம் கல்லூரிக்குக் கொடுப்பதானாலும் இதுவே முறை. கணினி அனுப்பட்டுமா என்று யோசிக்கும் முன், அதிபரிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குழாய்க்கிணறு என்றோ விடுதிக்குக் கட்டில் என்றோ அவர் சொல்லக்கூடும்.

கையை விட்டுப் போனால் போதும் என்று தள்ளிவிடுவது கொடையாகாது. போய்ச் சேரும் இடம்வரை கூட நடந்து விட்டுவருவதே கொடை. அடுத்த நூறு ஆண்டிலும் நம் சங்கம் அப்படி நடக்கட்டும்.

கல்லூரி அன்னை வாழ்க.