வீட்டுக்கும் ஒரு தீர்மான நோட்டு

(ஆண்டு விழாவில் இரும்பை குழு உறுப்பினர் பேசியது)

 எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊரு இரும்பை. மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிற ஊரு. வீட்டுக்காரர் கொத்தனார். நான் மல்லாட்டை களை எடுக்கவும், நூறு நாள் வேலைக்கும் போறவ. அம்மா வீடு மரக்காணம் உப்பளத்துப் பக்கம்.

2021 கோடையில் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆயா வீட்டில் இருந்தாங்க. ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடினதும் ஜூலையில் கூட்டி வந்தேன். லீவு முடிஞ்சுது, பள்ளிக்கூடம் மட்டும் திறக்கல. மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது. கல்வி டிவியும் ஒரே ஒரு போனும்தான் பாடம்.

ஒரு நாள் வேலை விட்டு வந்து மகளோட நோட்டைப் பிரிச்சேன். பத்து நாளா ஒரு வரி இல்ல. கேட்டேன். "தண்ணி பிடிச்சு, சோறு வடிச்சு, தம்பிக்குப் போட்டு, பாத்திரம் கழுவறதுக்குள்ள பாடம் முடிஞ்சிடுதும்மா. பள்ளிக்கூடம் திறந்தாலும் நான் போகல, வீட்டைப் பாத்துக்கறேன்"னா. அதே வாரம் சொந்தக்காரங்க ஒருத்தர் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தாங்க. பதினாலு வயசுப் பொண்ணுக்கு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் குழுக் கூட்டம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும்போது தோணிச்சு: பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் பொறுப்பைப் பிரிச்சுக்கறோம், நாலு பேர் இருக்கிற வீட்டில் ஏன் முடியாது?

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வச்சு நோட்டுப் போட்டேன். முதல்ல சாப்பாடு. ஞாயிறு மாவு அரைச்சா திங்கள், செவ்வாய் இட்லி. புளிச்ச மாவு புதன்கிழமை தோசை. மத்த நாள் கேழ்வரகுக் கூழும் மல்லாட்டைத் துவையலும். மதியச் சோறும் குழம்பும் நான் விடியும் முன்னே வச்சிடணும். செவ்வாய், வெள்ளி சாம்பார், புதன் முருங்கைக்கீரை, முட்டை, வியாழன் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, ஞாயிறு மீன். என்ன சமைக்கிறதுன்னு தினமும் மண்டையை உடைச்சுக்கிற வேலை போச்சு.

அடுத்தது வேலை. தண்ணி பிடிக்கிறது அப்பா, பாத்திரம் தம்பி, வாசல் மகள், துணி எல்லாரும் சேர்ந்து. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மகளுக்குப் பாட நேரம், யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது. சாயங்காலம் திண்ணையில் தம்பிக்கு அவ வாய்ப்பாடு சொல்லித் தரணும்.

"ஆம்பளப் பையன் பாத்திரம் கழுவறதா?"ன்னார் வீட்டுக்காரர். "அவனும்தானே சாப்பிடறான்?"னேன். கடைசியா அவரும் கையெழுத்துப் போட்டார். தவறினா உண்டியலில் ரெண்டு ரூபாய் அபராதம். முதல் அபராதம் யாருக்குத் தெரியுமா? எனக்குத்தான்! வேலையில்லாம வீட்டில் இருந்த ஒரு நாள், பழக்கதோஷத்தில், பதினோரு மணிக்கு வெங்காயம் உரிக்க மகளைக் கூப்பிட்டுட்டேன். அவ நோட்டைக் காட்டினா. அப்பதான் புரிஞ்சுது, அவ நேரத்தைத் திருடினதில் எனக்கும் பங்கு இருந்திருக்கு.

செப்டம்பர் 1-ம் தேதி ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை பள்ளி திறந்தாங்க. மகள் தலை பின்னி, சீருடை போட்டுக் கிளம்பினா. நான் வாசலிலேயே நின்னு அழுதேன். அக்டோபர் 27-ல் நம்ம மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வச்சார். நவம்பர் 1-ல் மகனும் பள்ளிக்குப் போனான்.

இப்போ தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் நடக்குது. எந்தக் கிழமைக்கு எந்த உணவுன்னு பட்டியல் இருக்கு. கிராமங்களில் சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எங்க வீட்டு நோட்டு ஞாபகம் வரும்.

மகள் பிளஸ் டூ முடிச்சிட்டா. பையன் இன்னிக்கும் பாத்திரம் கழுவறான்.

அக்கா தங்கச்சிகளே, ஒவ்வொரு லீவு முடியும்போதும் ஒரு மணி நேரம் வீட்டுக் கூட்டம் போடுங்க. வேலையைப் பிரிங்க. பொண்ணுக்குப் படிக்கிற நேரத்தை முதல் தீர்மானமா எழுதுங்க.