ஸ்பானியம் கற்போர் ஐயங்களும் தமிழ் இலக்கணமும்



நெரூதாவை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிந்திருக்கிறோம். 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் தூதராகத் தில்லியில் வாழ்ந்தவர் ஒக்தாவியோ பாஸ். நம்மிடையே இருந்த அவரும் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகவே கிடைத்தார். இடைநின்ற மொழி எதை விழுங்கிற்று என்று நாம் கேட்பதில்லை. ஸ்பானியம் கற்கத் தொடங்குவோர் வழக்கமாக எழுப்பும் ஐயங்களைக் கவனித்தால் அது ஓரளவு புலப்படும். நானும் அம்மொழியின் வாயிலில் நிற்கும் மாணவியே.

ஆங்கிலத்தில் ஒரே வினையாக நிற்பதற்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் ஏன்? இதுவே முதல் ஐயம். நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று தொடக்கப் பாடநூல்கள் சொல்லும். உடனே மாணவர் மடக்குவார்: சாவைவிட நிலையானது ஏது? இறந்தவனைப் பற்றிச் சொல்ல எஸ்தார்தானே வருகிறது? மத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பதற்கும் எஸ்தார்தானே? மாணவர் கேட்பது சரி, விதிதான் பிழை. இன்னார், இன்ன தன்மையர் என்று இயல்பை உரைப்பது செர். இன்ன நிலையில், இன்ன இடத்தில் என்பதை உரைப்பது எஸ்தார். 'நில்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது.

தமிழருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. 'அவள் அழகி' என்கிறோம். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்குள்ள மகளிருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னதற்குச் செர், பின்னதற்கு எஸ்தார். ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரே 'இஸ்'ஸில் கரைந்துவிடுகின்றன. எஸ்தார் கொண்டு கவிஞன் எழுதிய வரி ஆங்கிலம் சுற்றித் தமிழுக்கு வரும்போது 'நீ அழகி' என்று ஆகிவிடக்கூடும். அந்தக் கணத்தின் வியப்பு போய், நற்சான்றிதழ் கைக்கு வரும். நம்மிடம் இருந்த வேறுபாட்டையே நாம் இழக்கிறோம்!

'மே குஸ்தா எல் லிப்ரோ' என்பதில் புத்தகம் எழுவாயாக நிற்பதும், விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்குவதும் ஆங்கிலம் வழிக் கற்போரை அலைக்கழிக்கும். 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்' என்பவர்க்கு என்ன குழப்பம்? 'மே துவேலே லா கபேசா', 'எனக்குத் தலை வலிக்கிறது.' அச்சு அசல். 'விவா' என்னும் முழக்கம் எவ்வினை வடிவம் என்று கேட்போர்க்கும் 'வாழ்க' என்ற நம் வியங்கோளே விடை.

இன்னொரு ஐயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வீட்டைப் பார்த்தால் ஒன்றும் வேண்டாம். மரியாவைப் பார்த்தால் மட்டும் பெயருக்கு முன் 'ஆ' என்ற சொல் ஏன்? நாம் 'மரம் வெட்டினேன்' என்போம். 'மரியா பார்த்தேன்' என்போமா? அங்கே ஐ உருபு விரிந்தே தீரும். ஆனால் உயர்திணை என்பது மட்டும் காரணமன்று. 'மாப்பிள்ளை தேடுகிறோம்' என்றால் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். 'மாப்பிள்ளையைத் தேடுகிறோம்' என்றால் முகூர்த்த நேரத்தில் அவரைக் காணவில்லை! ஸ்பானியத்திலும் யாரேனும் ஒரு மருத்துவரைத் தேடுகையில் 'ஆ' விலகலாம். குறித்த ஒருவரைத் தேடுகையில் வந்து சேரும். வேற்றுமை உருபு என்றதும் கொட்டாவி விடும் என் மாணவர்கள் இந்த எடுத்துக்காட்டுக்கு மட்டும் விழித்துக்கொள்வார்கள்.

நம் இலக்கணம் கைகொடுக்காத இடமும் உண்டு. நமக்கு அஃறிணையில் ஆண்பால் பெண்பால் இல்லை. அங்கோ எல்லாப் பெயர்க்கும் பால் உண்டு. கடல் பொதுவழக்கில் ஆண்பால். கடலோடிகளும் கவிஞர்களும் அதைப் பெண்பாலாகவும் வழங்குவர். சாவு, 'லா முவெர்தே', பெண்பால். ஆனால் ஸ்பானிய வினைமுற்று பால் காட்டுவதில்லை. வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் ஒரே வடிவம். சாவின் பெண்மை அதன் முன்னொட்டிய 'லா'விலும் அடைமொழியிலும் மட்டும் மெல்ல ஒலிக்கும். தமிழ் வினையோ பாலை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சாவு வருகிற ஒரு வரியை மொழிபெயர்க்க முயன்றபோது 'வந்தது' என்று எழுதி அடித்தேன்; வெறும் செய்தியாக இருந்தது. 'வந்தாள்' என்று எழுதி அதையும் அடித்தேன். மாரியம்மன் வந்து நின்றாள். அந்த இடம் என் தாளில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. உங்களில் யாரேனும் நிரப்பித் தந்தால் மகிழ்வேன்.