பிரித்தெடுத்த பாஷாணம் எங்கே போகும்?
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாக்னசைட் சுரங்கத்தால் நம் போர்வெல் தண்ணீரில் ஆர்செனிக் கலந்துவிட்டது என்று ஒரு ஃபில்டர் வியாபாரி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சங்கப் பணத்தில் பெரிய மெஷின் வாங்கலாமா என்று பலர் கேட்டீர்கள்.

ஆர்செனிக் வேறொன்றுமில்லை, பெரியவர்கள் சொன்ன வெள்ளைப் பாஷாணத்தில் இருப்பதுதான். பெரும்பாலும் தங்கம், செம்புத் தாதுக்களோடு, கந்தகம் சேர்ந்த கனிமங்களில் இருக்கும். பாறையை உடைத்துக் காற்றும் நீரும் பட்டால் கரைந்து வரும். நம் மாக்னசைட்டோ மெக்னீசியம் கார்பனேட். ஆகவே அங்கிருந்து வந்தே தீரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்பதையும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

சுரங்கக் கழிவுநீரில் எப்படி நீக்குகிறார்கள்? முதலில் ஆக்சிஜனேற்றம் செய்வார்கள். பிறகு ஃபெரிக் குளோரைடு போன்ற இரும்பு உப்பைக் கலப்பார்கள். துருப்போலத் திரளும் இரும்பில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். சுட்ட மாக்னசைட்டும் உதவும். நம் ஊர்க் கல்தான்! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ குடிநீர் வடிகட்டியிலும் இரும்புச் சேர்மம்தான் வேலை செய்கிறது. மேற்கு வங்கக் கிராமங்களில் அது பயன்பாட்டில் இருக்கிறது.

ஆனால் ஆர்செனிக் ஒரு தனிமம். அழியாது, இடம்தான் மாறும். அந்தச் சேற்றை மழை படாமல், கசியாமல் வைக்காவிட்டால் பழையபடி கிணற்றுக்கே வரும். கனடாவில் ஜெயன்ட் தங்கச் சுரங்கம் 2004-இல் மூடப்பட்டது. அங்கே 2,37,000 டன் பாஷாணத் தூள் பூமிக்கடியில் கிடக்கிறது. சுற்றியுள்ள பாறையையே உறைய வைத்து அடைக்க அரசாங்கம் பாடுபடுகிறது.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரை நம்பாதீர்கள். ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும், ஆனால் ஒரு வகை ஆர்செனிக்கை அவ்வளவாகப் பிடிக்காது. வெளியேற்றும் நீரில் மிச்சம் சேரும். அதைச் செடிக்கு ஊற்றுகிறோமே!

குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் மெஷின் பேச்சை ஒத்திவைத்து, இரண்டு போர்வெல் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். வழக்கமான சோதனைப் பட்டியலில் ஆர்செனிக் இல்லாமல் போகலாம், தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஃப்ளோரைடையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலை யார் வருகிறீர்கள்?