கடுக்காய் ஒன்று, கல்வித் துறைகள் பல
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"பல்துறை ஆய்வும் அதனால் சமுதாயமும் பொருளாதாரமும் பெறும் பயனும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடன் பல்கலைக்கழக மண்டபங்களும், நாம் படித்து முடிக்க இயலாத தடித்த ஆய்வேடுகளும் நினைவுக்கு வரும். ஆகவே அவற்றை விடுத்து, என் சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து இம்மேசைமீது வைக்கிறேன். இது கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு கடுக்காய். உங்களுக்குக் கடுக்காய் கொடுக்க நான் வரவில்லை. இந்தக் கடுக்காயை முன்வைத்துச் சில செய்திகளைச் சொல்லவே வந்தேன்.

இதன் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் மருந்தாகக் கொள்ளவேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகியவற்றோடு இதைச் சேர்த்தால் திரிபலை. இதன் துவர்ப்புக்குக் காரணம் செபுலினிக் அமிலம், காலிக் அமிலம் முதலிய பொருள்கள் என்று வேதியியலார் பிரித்துக் காட்டினர். அந்தத் துவர்ப்பு இரும்பின் உப்பாகிய அன்னபேதியோடு சேரும்போது கருநிறம் தோன்றுகிறது. நம் முன்னோர் தாளில் எழுதப் பயன்படுத்திய கடுக்காய் மை இவ்வாறு பிறந்தது. கலம்காரித் துணியில் கருங்கோடு அழியாமல் நிற்பதும் இதனால்தான். தோல் பதனிடும் தொழிலுக்கும் இதனை வாங்குகின்றனர். அது நம் நெறிக்கு ஏற்ற தொழில் அன்று. ஆயினும் மையும் துணியும் மருந்தும் நமக்கு உரியவையே.

மருத்துவர் இதனை மருந்து என்பார். வேதியியலார் துவர்ப்பி என்பார். சாயத் தொழிலாளி நிறம் பிடிக்கும் காய் என்பார். மலையில் வாழும் பெண்மணி தன் பிள்ளையின் பள்ளிச் செலவு என்பார். நால்வர் கூறுவதும் உண்மையே. ஒருவர் கூறுவது மட்டுமே உண்மை என்று சாதிக்கும்போதுதான் பிழை நேர்கிறது. "ஒரு வகையில்" என்று தொடங்கிப் பேசக் கற்பித்த அநேகாந்த நெறியில் வளர்ந்த நமக்கு, பல்துறை ஆய்வு என்பது புதிய சொல்லேயன்றிப் புதிய கருத்து அன்று.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. பெண்ணையாற்றை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் மலைக்குகையில், 1981-இல், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பயிற்சி மாணவர் ஒருவர் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டார். ஒரே வரி. 'சதியபுதோ' என்னும் பட்டத்தையுடைய அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி என்பது அதன் பொருள். பாளி என்றால் துறவியர் உறையும் பள்ளி.

அந்த ஒரு வரி ஏன் பெரிதாயிற்று? அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்றொரு மரபும் கூறப்படுகிறது. மற்ற மூவரையும் அறிவோம், நான்காமவர் யார்? சத்தியமங்கலத்தார் என்றனர் சிலர். காஞ்சிபுரத்தார் என்றனர் சிலர். துளுநாட்டார் என்றனர் வேறு சிலர். அதியமான் மரபினர் என்று கருதியோரும் உண்டு. உறுதியான சான்று இல்லாமையால் வாதம் நீண்டுகொண்டே இருந்தது. ஜம்பைக் கல்வெட்டு அந்த வாதத்தை முடித்துவைத்தது.

ஆனால் கல் தானே பேசிவிடவில்லை. எழுத்தைப் படிக்கக் கல்வெட்டியலார் வேண்டியிருந்தது. பிராகிருதப் பட்டமும் தமிழ்ப் பெயரும் ஒரே வரியில் நிற்பதை விளக்க மொழியியலார் வேண்டியிருந்தது. அதியமான் கோவலூரை வென்ற செய்தியைச் சங்கப் பாடல்களிலிருந்து எடுத்துக்காட்டத் தமிழ்ப் புலவர் வேண்டியிருந்தது. தகடூர் மன்னனின் கொடை பெண்ணைக் கரையில் இருப்பது எங்ஙனம் என்ற ஐயத்தை அதுவே தீர்த்தது. துறவியர் ஏன் குகையில் தங்கினர் என்பதைச் சொல்லச் சமய வரலாறு அறிந்தவர் வேண்டியிருந்தது. இவர்களுள் ஒருவர் குறைந்திருந்தாலும் அவ்வரி பாறையில் ஒரு கீறலாகவே கிடந்திருக்கும்.

இன்னொன்றையும் கருதுக. அசோகரின் அந்த இரண்டாம் கட்டளை எதைப் பற்றியது? மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததைப் பற்றியது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து நடுவித்ததையும், வழியோரங்களில் கிணறுகள் தோண்டுவித்ததையும் அது கூறுகிறது. சத்தியபுத்திரர் என்ற பெயர் நமக்கு வந்து சேர்ந்ததே மருந்துச் செடியைப் பற்றிய ஓர் ஆணையின் வழியாகத்தான்.

நம் நூல் மரபும் இவ்வாறே துறைகளைப் பிரிக்காமல் வளர்ந்தது. சமணப் புலவர் காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரை இட்டார். கணிமேதாவியார் ஏலாதி என்று இட்டார். கி.பி. 458-இல் சர்வநந்தி என்னும் முனிவர், இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்று கருதப்படும் பாடலிகாவில், உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்னும் நூலைப் பிராகிருதத்தில் முடித்தார். அது முடிந்த ஆண்டைக் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்று குறித்தும் வைத்தார். அக்குறிப்பே பல்லவர் கால வரிசையை அமைக்க வரலாற்றாசிரியர்க்கு ஊன்றுகோலாயிற்று. இடமதிப்பு எண்முறையின் வரலாற்றை எழுதும் கணித அறிஞர்களும் அந்நூலைத் தேடி வருகின்றனர். ஆனால் அந்தப் பிராகிருத மூலம் இன்று இல்லை. சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கமே எஞ்சியுள்ளது. மூலச்சுவடியை ஏதோ ஒரு பரணில் கறையான் தின்றிருக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கே நாணமாக இருக்கிறது. என் பாட்டனார் வீட்டுப் பரணிலும் ஒரு சுவடிக்கட்டு இருந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது, படிக்கத் தெரியாதது எதற்கு என்று ஆற்றில் விட்டுவிட்டோம். அதில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது. அன்று நான் கல்லூரி மாணவன். அறியாச் சிறுவன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

அன்பர்களே, மீண்டும் கல்வராயன் மலைக்கு வருவோம். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். 1976 வரை அம்மலை ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின்னரே அரசின் நேரடி நிருவாகம் அங்கே சென்றது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே விளையும் சாமை சத்து மிக்கது. மழையை மட்டும் நம்பி விளைவது. ஆனால் அதன் உமியை நீக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. மரவள்ளிக்கு அந்த உழைப்பு இல்லை. வாங்குவதற்கு ஆத்தூர், சேலம் பகுதி ஆலைகளும் உண்டு. ஆகவே சாமை நிலம் மரவள்ளி நிலமாயிற்று. இங்கே விதை ஆய்வு மட்டும் போதாது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகச் சிறுதானிய மையம் நல்ல சாமை இரகத்தைத் தந்தாலும், உமி நீக்கும் பொறியைச் செய்யப் பொறியாளர் வேண்டும். அதன் சத்தை எடுத்துச்சொல்ல உணவியலார் வேண்டும். இடைத்தரகரின்றி விற்கக் கூட்டுறவும் சந்தையும் அறிந்தவர் வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வழியில்தான் பணியாற்றியது. விதையோடு சிறு அரைவை ஆலையையும் மகளிர் குழுவையும் இணைத்தது.

வழி கிடைக்காதபோது என்ன நேர்கிறது? சொல்வதற்கு மனம் கூசுகிறது. வெல்லம், கடுக்காய், மரப்பட்டை ஆகியவற்றை ஊறவைத்துச் சாராயம் வடிக்கும் கொடுமைக்கு அம்மலை நெடுங்காலம் இடமாயிற்று. இதோ இருக்கிறதே, இதே கடுக்காய்! 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்தது மலையின் ஊறல் அன்று. மெத்தனால் கலந்த நஞ்சு. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண்ணொளி போகிறது. பிறகு உயிர் போகிறது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வுநிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மதுவை விலக்குவதை அறத்தின் முதற்படியாகக் கொண்ட நாம், அண்டையில் நிகழ்ந்த இச்சாவுகளைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாமா?

இப்பொழுது இக்கடுக்காயின் மற்றொரு பயனைச் சொல்கிறேன். நம் பழைய கோயில்களின் செங்கற்சுவர்களையும் விமானங்களையும் கட்டியவர்கள், சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்ல நீரையும் சேர்த்தனர். அண்மைக் காலத்தில் கட்டடப் பொறியாளரும் வேதியியலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். வெல்ல நீர் நொதிக்கும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. சுண்ணாம்பு இறுகுவதற்கு வேண்டுவது அவ்வாயுவே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் பூச்சோ ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துப் பழைய செங்கல்லைப் பொடியாக்கும்.

ஆகவே வெல்லமும் கடுக்காயும் ஒன்றே. ஊறலில் சேர்ந்தால் குடும்பத்தை இடிக்கும், சாந்தில் சேர்ந்தால் கோயிலைக் காக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மனிதனின் அறிவும், அவ்வறிவைச் செலுத்தும் அறமுமே. ஆய்வின் பயன் என்று நான் கூறுவது இதைத்தான்.

நம் ஜினாலயங்கள் பலவற்றில் திருப்பணி நடக்கவேண்டிய காலம் இது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கண்டு தொழுதிருப்பீர்கள். அத்தகைய எழுத்துகளைக் கொண்ட சுவர்களின்மீது, விரைவாகத் தூய்மையாகிறது என்பதற்காக, அழுத்தக் காற்றில் மணலை வீசித் தேய்ப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். ஒரே நாளில் சுவர் பளிச்சிடும். ஆயிரம் ஆண்டு எழுத்து மங்கிவிடும். பக்தியோடு செய்த பிழையாயினும் அது பிழையே. ஜம்பைக் குகையில் எவரேனும் அவ்வாறு தேய்த்திருந்தால், சத்தியபுத்திரர் யார் என்ற வினா இன்றும் வினாவாகவே இருந்திருக்கும்.

எனவே இவ்வறக்கட்டளையின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, எந்த ஆலயத்தில் திருப்பணி தொடங்கினாலும், ஒரு கல்லை அசைக்குமுன் கல்வெட்டறிஞரை அழைத்துப் படியெடுக்கச் செய்யவேண்டும். சிமெண்ட் பூச்சை விடுத்துச் சுண்ணாம்புச் சாந்தையே கொள்ளவேண்டும். அதற்கு வேண்டும் கடுக்காயைக் கல்வராயன் மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக உரிய விலைக்கு வாங்கவேண்டும். அளவு சிறிதாக இருக்கலாம். ஆயினும் அறவழியில் வரும் வருவாய் ஒரு வீட்டிற்கேனும் ஊறல் பானையை மறக்கச் செய்யும்.

இரண்டாவது, வீடுகளில் எஞ்சியிருக்கும் சுவடிகளையும் பழந்தாள்களையும் திரட்டி ஒளிப்படம் எடுக்க ஒரு குழு வேண்டும். சுவடி உங்களிடமே இருக்கட்டும். படம் மட்டும் போதும். மருத்துவச் சுவடியாயின் அதைப் படிக்கச் சித்த மருத்துவரும் தாவரவியலாரும் உடன் இருக்கவேண்டும்.

மூன்றாவது, நாம் வழங்கும் கல்வி உதவித்தொகை பொறியியல், மருத்துவம் படிப்போர்க்கே பெரும்பாலும் செல்கிறது. அது நிற்கவேண்டா. ஆண்டுக்கு ஒருவர்க்கேனும், தொல்லியலோ மொழியியலோ வேளாண்மையோ படித்து, நம் மாவட்டத்தின் ஒரு சிக்கலை ஆராயும் மாணவர்க்கு உதவுவோம். அவர் நம் சமுதாயத்தவராக இருக்கவேண்டும் என்பதுமில்லை. மலையிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவியாக இருந்தால் மேலும் நன்று.

நன்மை விளையுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடித்த கையின் திறமை மட்டும் அதைப் பெற்றுத்தரவில்லை. மரம் அறிந்தவரும் கலை வரலாறு அறிந்தவரும் சட்டம் அறிந்தவரும் கூடி, அத்தொழில் இம்மண்ணுக்குரியது என்று எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது.

நம் முன்னோர் தானத்தை நால்வகையாகக் கூறினர்: உணவு, மருந்து, சாத்திரம், அடைக்கலம். எந்த ஆய்வு சிறந்தது என்று அளக்க எனக்கு வேறு அளவுகோல் தெரியாது. சாமையை மீட்கும் ஆய்வு உணவுதானம். கடுக்காயின் குணத்தை ஆராய்வது மருந்துதானம். கல்லையும் சுவடியையும் படித்துத் தருவது சாத்திரதானம். நஞ்சுக்கும் வறுமைக்கும் இரையாகாமல் ஒரு மலைமக்களைக் காக்கும் அறிவு அபயதானம்.

மேசைமீதுள்ள இக்கடுக்காயை எடுத்துச் செல்ல விரும்பும் மாணவர் யாரேனும் இருந்தால், உரை முடிந்தபின் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அடுத்த ஆண்டு விழாவில், இதைப் பற்றி நான் சொல்லாத ஒன்றை நீங்கள் வந்து சொல்லவேண்டும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் வாழ்க!